மூன்று காதுள்ள வீடு

மலர்விழி அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், நாச்சிமுத்து வீட்டுக் கூடத்தின் நடுவில், தம்புராவும் கையுமாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி படியிறங்கி எங்களிடம் வந்தபோது, அவர் எப்படி வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, சாப்பிட்டாரா என்றுதான் கேட்டோம். ஏனென்றால் தடாகம் சாலைப் பக்கத்து மனிதர்கள் வானத்திலிருந்து ஒருவன் தவறி விழுந்தாலும் முதலில் எழுப்பி உட்காரவைத்து, மோர் கொடுத்து, அவன் வாயைத் துடைத்துக்கொண்ட பிறகே எந்த ஊர் என்று விசாரிப்பவர்கள், அப்படி விசாரிப்பதும் தெரிந்துகொள்வதற்காக அல்ல, அந்த ஊரில் நமக்கு யாராவது சொந்தம் உண்டா என்று பார்ப்பதற்காக.

ஆனால் கதையை நடுவிலிருந்து தொடங்குவது நாச்சிமுத்துவுக்குப் பிடிக்காது. நடு என்பது தானாக இருப்பதல்ல, இரண்டு ஓரங்களைச் சரியாக வைத்தால் உண்டாவது என்பது அவர் கட்சி. ஆகவே ஓரத்திலிருந்தே வருவோம்.

நாச்சிமுத்து பம்புசெட் செய்யும் கம்பெனியில் ஆயுள் முழுவதும் பார்த்த வேலை, கேட்பது. ஓடுகிற மோட்டாரின் மேல் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார்; பிறகு கண்ணைத் திறந்து, இந்தப் பக்கத்து பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்திருக்கிறது, கழற்று என்பார்; கழற்றினால் தேய்ந்திருக்கும். தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் சத்தத்தையும், தண்ணீர் இல்லாமல் வெறுமே சுற்றுகிற மோட்டாரின் சத்தத்தையும் அவர் தெருவில் நடந்துபோகும்போதே பிரித்துச் சொல்லிவிடுவார். பல வீடுகளில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகாமல் தப்பியது அவர் நடைப்பயிற்சியால்தான். ஓய்வு பெற்றதும் கையும் காலும் சந்தோஷப்பட்டன, காது மட்டும் வேலையில்லாமல் வீட்டுக்குள் அலைந்தது. குளிர்பெட்டியின் முனகலையும், மின்விசிறியின் மூச்சிரைப்பையும், மாடித் தொட்டியில் விழும் நீரின் புலம்பலையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, இதையெல்லாம் கேட்கவா நான் இருக்கிறேன் என்று அவரைப் பிடுங்கியது. அதற்காகத்தான் அவர் அந்தப் பாட்டுப் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

கடையில் வாங்கும் பெட்டிகள் எல்லாம் ஊதிக் காட்டுபவை என்பது அவர் எண்ணம். அவருக்கு வேண்டியது சிறியது, சுத்தமானது, முனகாதது. ஓசூரில் இருக்கும் மகன் அனுப்பிய, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கணினிப் பலகை. அது எண்ணாக வைத்திருக்கும் பாட்டை ஒலியாக மாற்றித்தர டாக் என்று ஒரு சில்லு. அந்த ஒலியைத் தூக்கி நிறுத்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். இவற்றுக்கெல்லாம் கலப்படமில்லாத மின்சாரம் ஊட்ட ஒரு டிரான்ஸ்பார்மர். இந்த நான்கும் அருகருகே இருந்தால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் தொற்றும், தள்ளித் தள்ளி வைத்தால் வீடு கொள்ளாது. பல நாள் யோசித்து அவர் கண்டுபிடித்த பெட்டகம், மனைவி சுலோச்சனாவின் தாய்வீட்டுச் சீராக வந்த நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். அடியில் டிரான்ஸ்பார்மர், அதன் மேல் ஆம்ப்ளிஃபையர், அதற்கு மேல் கணினி, சாம்பார் வைக்கும் மேலடுக்கில் டாக். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே தட்டு இருப்பதால் ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குப் போகாது. இந்த ஞானம் ரசத்தையும் பாயசத்தையும் பிரித்துவைத்த நம் முன்னோருக்கு ஏற்கெனவே இருந்தது என்பதை அவர் எல்லோரிடமும் சொன்னார்.

கேரியரில் ஓட்டை போட்ட அன்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. சுலோச்சனா நேராக வந்து, அவர் முகத்துக்கு எதிரே நின்று கேட்டாள்.

"யாரக் கேட்டுங்க மாமா இதுல ஓட்ட போட்டீங்க?"

"உன்னத்தான் கேட்டேன். நேத்து பால்கனியில பக்கத்துல உக்காந்துட்டு இருக்கறப்ப. நீதான் 'ம்'னு சொன்ன."

சுலோச்சனா துளை விழுந்த கேரியரை ஒருமுறை தடவிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பிடிவாதக்காரி என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். பக்கத்தில் இருக்கும்போது எதற்கும் ஒரு 'ம்', பிறகு சண்டைக்கு நிற்கிற மாதிரி எதிரில் வந்து நின்று பேச்சு. கல்யாணமான நாளிலிருந்தே அவள் சுபாவம் அப்படி என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் வேப்பமரப் பலகையில் அவரே அறுத்து ஒட்டினார். சோபாவைப் பால்கனிக்குத் தள்ளினார். சுலோச்சனாவின் கோலப்பொடியை எடுத்துக் கூடத்தில் மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம் போட்டார். இரண்டு முனையில் இரண்டு பெட்டி, மூன்றாம் முனையில் கை வைத்த தேக்கு நாற்காலி, ஒன்றே ஒன்று. ஒலியின் சாஸ்திரம் இதில் எளிது. நடுவில் எந்தப் பெட்டியும் இல்லை. ஆனால் இரண்டு பெட்டிகளும் ஒரே கணத்தில் ஒரே அளவில் ஒன்றைச் சொன்னால், நாற்காலியில் இருப்பவரின் இரண்டு காதும் கலந்து பேசி, இது நடுவிலிருந்து வருகிறது என்று தீர்மானித்துவிடுகின்றன. இரண்டு சாட்சிகள் பிசகாமல் ஒரே பொய்யைச் சொன்னால் அது தீர்ப்பாகிவிடும் என்ற நீதிமன்ற நடைமுறைதான்; வேறு அதிசயம் ஒன்றும் இதில் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் முதலில் வைத்தது ஒரு பழைய கச்சேரிப் பதிவு. அதன் உறையில் பாடியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், வயலின்காரர் பெயரும் மிருதங்கக்காரர் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும், தம்புரா போட்டவர் பெயர் எந்த எழுத்திலும் இருக்காது. ஆலாபனை தொடங்கிச் சிறிது நேரத்தில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, முதலில் ஒரு ஜோடி முழங்கால் தெரிந்தது, பிறகு மடி, பிறகு தம்புரா, கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முகம். கழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிற மப்ளர், இடது கையில் ஸ்டீல் பட்டை வாட்ச், சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். பாடகர் வரவில்லை. வயலினும், பிறகு மிருதங்கமும், ஒலியாக மட்டும் ஓரத்தில் இருந்தன. பெயரில்லாதவர் மட்டும் வந்திருந்தார்.

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். அவருடைய இடது முழங்கால் லேசாகக் கலங்கித் தெரிந்தது. எழுந்துபோய் வலது பெட்டியைக் கட்டைவிரல் அகலம் உள்பக்கமாகத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். முழங்கால் தெளிந்தது. சரி, பெட்டி சுத்தமாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டார்.

அப்போது சுலோச்சனா காபியோடு வந்து நேரே அவர் இருந்த இடத்தின் வழியாக நடந்தாள். தம்புராக்காரர் காலை மடக்கிக்கொண்டார்.

எதிர்வீட்டுத் தனபாக்கியம் மறுநாள் மாவு கேட்க வந்து, நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்து, பார்த்துவிட்டு, மாவை மறந்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறுக்குள் மூன்று மாடியும் வந்து பார்த்துவிட்டது. நாற்காலியில் ஒருவர்தான் உட்காரலாம், அதில் உட்கார்ந்தவருக்குத்தான் அவர் தெரிவார், தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அவரும் சாய்ந்து ஓரத்துப் பெட்டிக்குள் வழுக்கிப் போய்விடுவார். ஆகவே கோயில் போல வரிசை நின்றது, வரிசையில் நின்றவர்களுக்குச் சுலோச்சனா தண்ணீர் கொடுத்தாள்.

அவரை என்ன செய்வது என்பதில் எங்களுக்குக் குழப்பம் வந்தது, அந்தக் குழப்பம் கடைசிவரை தீரவும் இல்லை. எங்கள் சங்கத்தின் செயலாளர் அமிர்தவல்லி டீச்சர், ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரையும் எட்டாம் வகுப்பாகவே நடத்துபவர், ஒரு பொதுக்கூட்டம் போட்டு, வந்திருப்பவர் விருந்தாளியா, குடியிருப்பவரா என்ற கேள்வியை எழுப்பினார். விருந்தாளி என்றால் எத்தனை நாள் என்றும், குடியிருப்பவர் என்றால் தண்ணீர் மோட்டார் போடும் முறையில் அவருக்கும் ஒரு நாள் உண்டா என்றும் கேட்டார். கீழ்வீட்டு ராபர்ட், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், கையைத் தூக்கினான்.

"டீச்சர், அவரு பாட்டு ஓடுனா இருக்காரு, நிறுத்துனா இல்ல. இந்த மாதிரி ஆளுக்கு மோட்டார் முறை குடுத்தா, அவரு முறையன்னைக்குக் கரண்ட் போனா தண்ணி யாரு ஏத்தறது?"

"நியாயமான கேள்வி. உட்காரு."

முடிவு எதுவும் ஆகவில்லை, ஆனால் பழக்கங்கள் உண்டாயின. பாட்டு ஓடாத நேரத்திலும் அந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்க, அவர் எதிரில் நாம் சாப்பிடுவது முறையல்ல என்பதால் மத்தியானத்தில் அவருக்கு ஓர் இலை விழுந்தது. அவர் தொடவில்லை, ஆனால் கை கழுவாமல் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் முகம் சுளிப்பதாகச் சொன்னார்கள். நடுவில் இருக்கிறவர் என்று சொல்லிச் சொல்லிச் சுருங்கி அவர் நடுவர் ஆனார், நடுவர் என்ற பெயர் வந்த பிறகு அந்தப் பதவிக்குரிய வேலையும் தானே வந்து சேர்ந்தது. வண்டி நிறுத்தும் இடம், மேல்வீட்டுத் துணி சொட்டுவது, மாடியில் வடாம் காயவைப்பது, எல்லாம் அவர் முன்னால் சொல்லப்பட்டன. தம்புராக்காரர்களுக்கு லயத்துக்குத் தலையசைக்கும் வழக்கம் உண்டு, யார் பேசும்போது தலை அசைந்ததோ அவர் பக்கம் நியாயம். கெட்டிக்காரர்கள் தாளம் தெரிந்துகொண்டு, தாள வட்டம் மறுபடி தொடங்கும் சமத்தில் தங்கள் வாதத்தை முடித்தார்கள். தோற்றவர்கள்கூட முறையிடவில்லை, அவருடைய மப்ளரைப் பார்த்தால் முறையிடத் தோன்றாது.

வேறு பாட்டு வைத்தால் வேறு யாராவது வருவார்களா என்று ராபர்ட் சோதித்தான். சினிமாப் பாட்டுக்கு யாரும் வரவில்லை, வேறு கச்சேரிக்கும் வரவில்லை, அதே பாடகரின் இன்னொரு பதிவுக்குச் சும்மா ஒரு சொம்பு மட்டும் வந்து சிறிது நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. ஏன் என்று எங்களுக்கும் விளங்கவில்லை, சொம்புக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் ராபர்ட்டின் மைத்துனன் வந்தான். எந்நேரமும் ஒரு காதில் போன் கருவியைச் செருகியிருப்பவன், அதோடேயே நாற்காலியில் உட்கார்ந்தான், சுவரைத்தான் பார்த்தான், ஒருத்தரும் இல்லையே என்றான். அவன் ஒரு நிலத் தகராறில் அக்காவை ஏமாற்றியவன் என்பது எங்களுக்குத் தெரியும். கருவியைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதைவிட எளிதான விளக்கம் கையில் இருக்கும்போது ஏன் தோன்ற வேண்டும்? மனசில் மறைத்துவைத்த அழுக்கு இருந்தால் நடுவர் கண்ணுக்குப் படமாட்டார் என்று அன்று சாயங்காலமே மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்கள், எழுந்து வரும்போது கொஞ்சம் உரக்கவே, "இருக்காரு, இருக்காரு" என்றார்கள்.

இந்த இடத்தில், பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்த ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. சுலோச்சனாவுக்கு வலது காது கேட்காது. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் வடிந்தபோது கேள்வியையும் வடித்துக்கொண்டு போய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா அவளை இடது காது வாசல் பக்கம் வரும்படி உட்காரவைத்து, இதை யாரிடமும் சொல்லாதே, இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு என்றாள். அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவு. ஆனால் மனைவி கணவனுக்கு இடப்பக்கம் என்பது நம் வழக்கம். பந்தியில், பஸ்ஸில், கோயிலில், போட்டோவில், கட்டிலில், எல்லா இடத்திலும் இடப்பக்கம். கணவனுக்கு இடப்பக்கம் இருக்கிற பெண்ணுக்குக் கணவன் எந்தப் பக்கம் இருப்பான் என்பதை யோசித்துப் பார்த்தால், இவ்வளவு காலமும் நாச்சிமுத்து எந்தக் காதோடு குடித்தனம் நடத்தினார் என்பது விளங்கும். பக்கத்திலிருந்து அவர் ஏதோ பேசுகிறார் என்பது அசைவில் தெரியும். அவள் 'ம்' என்பாள். முக்கியமானதைப் பேச வேண்டுமென்றால் எழுந்து எதிரில் வந்து நிற்பாள். அவ்வளவுதான் அவள் பிடிவாதம்.

ஆகவே, தனபாக்கியம் அவளைக் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தபோது, சுலோச்சனாவுக்கு எல்லாப் பாட்டும் இடது பக்கச் சுவரிலிருந்து வந்தது. நடுவில் கடிகாரம் இருந்தது. கடிகாரத்துக்குக் கீழே பல்லி இருந்தது.

"இருக்காருங்களாக்கா?" என்றாள் தனபாக்கியம்.

வரிசையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இருக்காரு," என்றாள் சுலோச்சனா.

அவளுக்கு ஸ்டீரியோ சாஸ்திரம் தெரியாது. தனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு அவளிடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: தாலி கட்டிக்கொண்ட நாளில் ஒன்றை மறைத்தேன், அது உள்ளே அழுக்காக நிற்கிறது, அந்த மனிதருக்கு அது தெரிந்துவிட்டது. இது வெளியே போனால், காதும் போகும் மானமும் போகும், இத்தனை வருஷம் பொய்யோடு படுத்தேனா என்று புருஷன் கேட்பார். அதனால் மற்றவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துவைத்து, பார்க்காதவரைப் பார்த்தவளாக வாழக் கற்றுக்கொண்டாள். கூடத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள். துணி மாற்ற வேண்டுமென்றால் குளியலறைக்குப் போனாள். கூட்டும்போது காலி இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கோங்க, தூசி படும்" என்று சொல்லிவிட்டு, அவர் நகர்வதற்கு நேரம் கொடுத்துக் காத்திருந்தாள். நகர்ந்தாரா இல்லையா என்று தெரியாமல் எந்தப் பக்கம் விளக்குமாற்றைப் போடுவது என்ற குழப்பத்தில் அவள் சில நாள் அப்படியே நின்றிருக்கிறாள். சொந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அன்னியர் ஒருவர் இருக்க, வீட்டுக்காரிக்கு மட்டும் அவர் இருக்கும் திசை தெரியாது.

கட்டியதைக் கழற்றித் துடைத்து மறுபடி கட்டுவது நாச்சிமுத்துவின் வழக்கம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்துத் துடைத்துப் பூட்டும்போது இடதுக்கும் வலதுக்கும் போகும் ஒயர்களை மாற்றிச் செருகிவிட்டார். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் நடுவர் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தார். தம்புரா தோள் மாறியிருந்தது, வாட்ச் வலது கைக்குப் போயிருந்தது. தோள் வலித்து மாற்றிக்கொண்டிருப்பார், மனிதர்தானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். பூஜைக்குப் பொரி கட்டிக்கொண்டிருந்த சுலோச்சனாவிடம் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

அன்று பார்த்து பக்கத்து அடுக்ககத்துச் சங்கத்தார் வந்தார்கள். அவர்கள் வாசல் கேட் ஒன்றில் பல காலமாக ஒரு வழக்கு. நடுவரை ஒரு நாள் கடன் கேட்க உத்தேசம். வீட்டுக்காரி என்ற முறையில் சுலோச்சனா அவர்களை வாசலில் வரவேற்று, உள்ளே அமிர்தவல்லி டீச்சர் நாற்காலியில் இருந்ததால், அவர் எழும்வரை பேச்சுக் கொடுத்தாள்.

"தங்கமான மனுசருங்க. நான் காத்தால கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். தம்புராவ வலது தோள்ல சாச்சுட்டு, இடது கையில அந்த வாட்ச்சக் கட்டிட்டு, எப்பவும்போல உக்காந்திருக்காரு."

"இல்லையே சுலோச்சனா," என்று டீச்சர் உள்ளேயிருந்து திருத்தினார், விடைத்தாளில் தப்பைக் கண்டவர் திருத்தாமல் இருக்க முடியாது. "இன்னிக்கு இடது தோள்ல. வாட்ச் வலது கையில."

தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"காத்தால பாத்தேன்னீங்களே," என்றாள் தனபாக்கியம். அவள் கெட்டவள் அல்ல, வாய்தான் முந்திக்கொள்ளும். "அப்ப நீங்க பாக்கவே இல்லீங்களாக்கா? ஒரு நாளுமேவா?"

பொரித் தட்டை வைக்க இடம் தேடி, நடுவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல், தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுலோச்சனா சமையலறைக்குப் போனாள். பக்கத்துச் சங்கத்தார் செருப்பைத் தேடினார்கள். ராபர்ட்டின் மைத்துனன் முதன்முறையாக மலர்ச்சியோடு சுற்றிலும் பார்த்தான்.

எல்லோரும் போன பிறகு நாச்சிமுத்து பால்கனிக்குப் போனார். சுலோச்சனா சோபாவில் இருந்தாள். வழக்கப்படி அவள் அவருக்கு இடப்பக்கம் வரும்படி அமர்ந்தார். கோபம் அவருக்கு, ஆனால் எதன் மேல் என்று தெரியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"ம்," என்றாள் சுலோச்சனா, அவளும் தெருவைப் பார்த்துக்கொண்டு.

அந்த 'ம்' அவர் காதில் விழுந்தது. இத்தனை வருஷமும் விழுந்துகொண்டிருந்ததுதான். ஆனால் இப்போதுதான் அவர் அதை மோட்டாரைக் கேட்பதுபோலக் கேட்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாரம் இழுக்காத சத்தம். தண்ணீர் வராமல் வெறுமே சுற்றுகிற மோட்டார்.

அவர் குரலை மாற்றாமல், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வீட்ட வித்துப்போட்டுக் காசிக்குப் போயிரலாமா?"

"ம்."

"உங்கண்ணனுக்கு மொட்டையடிச்சுக் கழுத மேல ஏத்திரலாமா?"

"ம்."

நாச்சிமுத்து எழுந்தார். சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு மறுபக்கம், தான் ஒருநாளும் உட்காராத பக்கம், உட்கார்ந்தார். அதே குரலில்தான் கேட்டார்.

"எப்போருந்து?"

சுலோச்சனா திரும்பிப் பார்த்தாள். வழக்கம்போல் அவருக்கு எதிரே வந்து நிற்க அவள் எழப் போனபோது, அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சின்ன வயசுலருந்துங்க," என்றாள். "அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் சொல்றதுக்கு எடம் கெடைக்கல." அவர் கையை விடாமல், "அதனாலதான் அவரு எனக்குத் தெரியலைங்களா? அழுக்குனாலயா?"

"என்ன அழுக்கு. அந்த ஆளு ரெண்டு காதுக்கும் நடுவுல உக்கார்றவரு. ஒத்தக் காதுக்கு நடு ஏது?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் பேசுனதெல்லாம்?"

"பாதி காதுல விழுகும். மீதிய நானாக் கட்டிக்குவேன்."

"கட்டிக்கிட்டது எப்படி இருந்துச்சு?"

"பல நாளு நீங்க பேசுனதுக்கு மேலயே இருந்துச்சு," என்றாள். பிறகு கேட்டாள்: "நல்லதா ஏதாச்சும் சொல்லியிருக்கீங்களா? அந்தப் பக்கத்துல?"

நாச்சிமுத்துவுக்கு ஒரு பஸ் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் பழனியிலிருந்து திரும்பிய பஸ். ஜன்னலோரம் அவள், இவர் பக்கத்தில், மடியில் பஞ்சாமிர்த டப்பா. உடுமலை தாண்டும்போது அவர், வாழ்க்கையில் முதல்முறையாக, இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்த ஒன்றை மெல்லச் சொன்னார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி 'ம்' என்றாள். சரி, இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் பெரிதில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த மாதிரிப் பேச்சை அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

"ஒருக்காச் சொன்னேன்," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கூடத்தில் தம்புரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நாற்காலியில் இல்லாவிட்டாலும், அங்கே ஒருவர் இருக்கிறார் என்ற பழக்கம் அவருக்கும் வந்திருந்தது. அன்னியர் எதிரில் சொல்லும் பேச்சல்ல அது. வாயை மூடிக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கேரியரைத் திறந்து, இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒன்றாக முடிந்து ஒரே பெட்டிக்குப் போகும்படி ஒயரை இணைத்தார். கடைசித் திருகைப் போடுவதற்கு முன் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாராம். தம்புராக்காரர் அவரைப் பார்த்தார். நின்றுகொண்டிருக்கும் பெண்ணுக்குப் பஸ்ஸில் இடம் விட்டு நகர்கிறவரைப்போல, மப்ளரைச் சரிசெய்துகொண்டு, தம்புராவை அணைத்துத் தூக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து இடது பெட்டிக்குள் போய்விட்டார். வலது பெட்டியின் மேல் சுலோச்சனா அன்று சாயங்காலமே துளசித் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டாள்.

எங்களுக்கு இது பெரிய இடி. கூட்டம் கூடியது. மாடி வடாம் விவகாரம் பாதியில் நிற்கிறது, பக்கத்துக் கேட் வழக்குக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, நடுவர் இல்லாவிட்டால் நாங்கள் மறுபடியும் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருக்கும். அமிர்தவல்லி டீச்சர் எங்கள் எல்லோர் சார்பிலும் நாச்சிமுத்துவிடம் கேட்டார்.

"ஊருக்கே பொதுவான ஒருத்தரை இப்படி ஒரு வீட்டுக்காகக் கலைக்கலாமா நாச்சிமுத்து?"

"டீச்சர், இந்த வீட்டுல இருக்கறது மொத்தம் மூணு காதுங்க. நான் நாலுக்குக் கணக்குப் போட்டுக் கட்டிட்டேன். தப்பு என்னோடது, நடுவரோடது இல்ல."

டீச்சர் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். விடை சரியாக இருந்ததால் கூட்டத்தை முடித்தார். தனபாக்கியம்தான் விம்மிக்கொண்டு சுலோச்சனாவின் வலது பக்கம் போய் மன்னிப்புக் கேட்டாள், பிறகு நினைவு வந்து சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் முழுக்க இன்னொருமுறை கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோபா கூடத்துக்குத் திரும்பியது. அவர்கள் அதே கச்சேரியை வைப்பது எங்களுக்குக் கேட்டது. ஒற்றைப் பெட்டியிலிருந்து நடுவர் திரும்பவும் இறங்கி வரலாம் என்ற நப்பாசையில், யாரும் யாரையும் கூப்பிடாமலே, நாங்கள் ஒவ்வொருவராக இரண்டாம் மாடிப் படிக்கட்டில் சேர்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவருக்கு வலப்பக்கம், எந்தக் கல்யாண வீட்டிலும் கிழவிகள் உடனே எழுப்பி மாற்றி உட்காரவைக்கிற முறையில். நடுவில் கடிகாரம் இருந்தது, பல்லி இருந்தது, வேறு யாரும் இல்லை.

ஆலாபனை முடிந்து தம்புரா மட்டும் மிஞ்சிய இடத்தில், நாச்சிமுத்து அவள் இடது காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். மெல்லத்தான் சொன்னார், உடுமலை பஸ்ஸில் சொன்ன அளவுக்கு. நாங்கள் அத்தனை பேரும், பழுதில்லாத இரண்டிரண்டு காதோடு, மூச்சை அடக்கி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். ராபர்ட்டின் மைத்துனன்கூடக் கருவியைக் கழற்றிவிட்டான். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

சுலோச்சனா 'ம்' என்று சொல்லவில்லை. அவர் பக்கமாகத் தலையை இன்னும் சற்று நகர்த்திக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.